தலைவர் வண்டிப் பெட்டி

தென்காசியில் சுடலைமுத்து அண்ணாச்சியின் பைக் பட்டறையில் எது உடைந்தாலும் மாசானமாகிய என்னைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால் வியாபாரிகள் சங்கத் தலைவர் சொர்ணப்பன், "வண்டியைக் கழுவும்போது பின்பெட்டி மூடியை இவன்தான் உடைச்சிட்டான்" என்றபோது நானே நம்பிவிட்டேன்.

"ஒட்டுப் போட்டது வெளிய தெரியக் கூடாது. பழைய பலமும் வரணும். இல்லேன்னா இவனை வேலையை விட்டு அனுப்பிருங்க" என்றார் தலைவர்.

மூடியின் உள்பக்கம் கம்பி வலையை வைத்து, சூடு காட்டி பிளாஸ்டிக்கோடு பதித்தேன். அப்போதுதான் மூடி நடுவில் குழிந்திருப்பது கண்ணில் பட்டது. தண்ணீர் பட்டா மூடி குழியும்?

சாயங்காலம் வந்த தலைவரிடம் பணிவாகச் சொன்னேன்: "கல்லு மாதிரி ஆக்கிட்டேன் ஐயா. என்ன, மேல யாரும் உக்காரக் கூடாது."

"அதெப்படில? டீக்கடையில நாலு பேரு என்னை அண்ணாந்து பார்க்க வேண்டாமா? பெட்டி மேல உக்காராம நான் எப்படிப் பேச?"

அண்ணாச்சி ஸ்பானரைக் கீழே வைத்தார். "அப்ப உடைச்சது நீங்கதானா தலைவரே?"

தலைவர் மூடியைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். ஜெயித்த மிதப்பில் நான் அவர் வண்டி மேல் சாய்ந்தேன். பக்கக் கண்ணாடி கையோடு வந்துவிட்டது.

இதை மட்டும் நான்தான் உடைத்தேன்.