வெளியேறியோர் பட்டியல்

ஆசியாவில் சந்தா கட்டி டிவி பார்க்கும் வீடுகள் எத்தனை என்று கேட்டால், நாடு நாடாகப் பிரித்து, தாளைப் பார்க்காமல் சொல்லக்கூடியவர் நயினார். இருபத்திரண்டு வருடம் சிங்கப்பூரில் அதுதான் அவருக்கு வேலை. எந்த நாட்டில் சந்தா வளரும், எங்கே யாருக்கு யார் போட்டி, ஐந்து வருடம் கழித்து நிலவரம் எப்படி இருக்கும் என்றெல்லாம் அறிக்கை எழுதுவார். ஏசி அறைகளில் கோட்டுப் போட்டவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் சொந்த ஊரான கோவில்பட்டிக்குத் திரும்பினார். சேமிப்பையெல்லாம் போட்டு ஒரு கேபிள் லைனை வாங்கினார். நூற்று அறுபது வீடு. கோடிக்கணக்கான வீடுகளைக் காகிதத்தில் வளர்த்தவருக்கு நூற்று அறுபது எம்மாத்திரம் என்று நினைத்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அதுவரை ஒரு வீட்டின் வாசலிலும் அவர் போய் நின்றதில்லை.

ஒன்றரை வருடத்தில் நூற்று அறுபது நூறாகிவிட்டது.

மாவட்டத்துக்கு சிக்னல் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாதக் கடைசியில் நூறு செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று குறைந்தாலும் லைன் நயினார் கையில் இருக்காது. பக்கத்து லைனோடு சேர்த்துவிடுவார்கள்.

பக்கத்து லைன் செண்பகவல்லியுடையது.

செண்பகத்துக்கு நாற்பத்து மூன்று வயது. அண்ணன் திருப்பூருக்குக் குடிபோனபோது போட்டுவிட்டுப் போன லைனை எடுத்து நடத்துகிறவர். கம்பத்தில் ஏணியைச் சாத்தித் தானே ஏறுவார். டிஷ் வந்தது, ஃபைபர் வந்தது, செல்போனிலேயே எல்லாம் வந்தது. செண்பகத்தின் அறுநூறு வீட்டில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து போகும், பத்துப் பதினைந்து வரும். எப்படி என்று கேட்டால் சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்.

நயினார் அவரிடமே போய், தொழில் கற்றுக்கொடுங்கள் என்று நின்றார். கேபிள்காரர்கள் கூடும் டீக்கடையில் அன்றைக்கு இதுதான் பேச்சு.

"லைனை வாங்கப்போற ஆள்கிட்டயே போயி லைனைக் காப்பாத்த வழி கேக்காரு. சிங்கப்பூர் படிப்பு."

அதற்கு முன்பெல்லாம் செண்பகத்தைத் தெருவில் பார்த்தால் நயினார் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொள்ள வந்த நாளிலிருந்து 'அம்மா' ஆகிவிட்டது. செண்பகம் மட்டும் மாறவில்லை. அவருக்கு நயினார் அன்றும் இன்றும் அண்ணாச்சிதான்.

ஒரு மாதமாகத் தினமும் காலையில் செண்பகத்தின் மாடி அறைக்கு வந்தார். செண்பகம் கேபிளை வெட்டித் தோலைச் சீவிக் கொடுப்பார். நயினார் முனையில் கனெக்டரை மாட்டுவார். மாட்டிக்கொண்டே பேசுவார். தீவுகளாகக் கிடக்கும் நாட்டில் டிஷ் எப்படி ஜெயித்தது, நெருக்கமான நகரத்தில் ஃபைபர் எப்படி நுழைந்தது, மூன்று கம்பெனி இருந்த இடத்தில் எட்டு வந்தால் என்ன ஆகும் என்று ஆசியாவையே சுற்றிக் காட்டுவார். செண்பகம் குறுக்கே பேசாமல் கேட்பார். சில நாள், "இந்தக் கனெக்டர் ஆடுது, திரும்பப் போடுங்க" என்பார். அவ்வளவுதான் பாடம்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது நயினாருக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, நேராவே கேக்கேன். என் லைன் எப்படி வளரும்? இத்தனை போட்டியை நான் எப்படிச் சமாளிக்க?"

"உங்க அறிக்கையில ஒண்ணு சொன்னீங்களே அண்ணாச்சி. வெளியேறியோர்னு ஒரு கட்டம்."

"ஆமா. எல்லா நாட்டுக்கும் உண்டு."

"அவங்கல்லாம் வெளியேறி எங்க போனாங்க?"

"போட்டியாளர்கிட்ட."

"உங்க லைனுக்கும் அப்படி எழுதி வச்சிருக்கீங்களா?"

நயினார் சந்தோஷமாகப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். வீட்டு எண், பெயர், தேதி, காரணம். அறுபத்தொரு பேர். காரணம் என்ற இடத்தில் டிஷ், ஃபைபர், போன் என்று மூன்றில் ஒன்றை எழுதியிருந்தார். எழுத்து அச்சுப் போல இருந்தது.

செண்பகம் விரலை ஓட்டிக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார்.

"வடக்குப் புதுத் தெரு இசக்கிமுத்து. இது யாரு?"

"டெய்லர். ரெண்டு மாசத்துக்கு முன்னால போன்ல கூப்பிட்டு லைனை வெட்டச் சொல்லிட்டார். ஃபைபருக்குப் போயிட்டார்."

"அவர் சொன்னாரா?"

"சொல்லணுமாம்மா? அப்போ அந்தத் தெருவுலதான் ஃபைபர்காரங்க குழி தோண்டிக்கிட்டிருந்தாங்க."

"பாக்ஸ் திரும்பி வந்துருச்சா?"

"அவருது மட்டும் வரல. அதையும் சேத்துத்தான் நூறு நிக்குது. பாக்ஸ் கம்பெனி ஆபீஸுக்குத் திரும்புனாத்தான் கழிப்பாங்க."

"மத்த அறுபதையும் எப்படித் திரும்ப வாங்குனீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில குடுத்துரச் சொல்லுவேன். நான் வாரத்துக்கு ஒரு தடவை போயி எடுத்துக்கிடுவேன். யாருக்கும் அலைச்சல் இல்ல."

அது அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

செண்பகத்தின் லைனில் வழக்கம் வேறு. கம்பி இழுக்க ஆள் உண்டு, சந்தா வாங்க ஆள் உண்டு. லைன் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்குப் போய் பாக்ஸை வாங்கி வர மட்டும் யாரையும் அனுப்பமாட்டார். மழையோ வெயிலோ, தானே போவார்.

"நாளைக்கு இசக்கிமுத்து வீட்டுக்குப் போயி அந்தப் பாக்ஸை நீங்களே வாங்கிட்டு வாங்க" என்றார்.

நயினார் கையிலிருந்த கனெக்டர் கீழே விழுந்து உருண்டது.

"வாங்குனா தொண்ணூத்தொம்பது ஆயிரும்மா."

"ஆகட்டும். போயி, தண்ணி வாங்கிக் குடிங்க. லைனைப் பத்தி வாயைத் தொறக்காதீங்க. சலுகை கிலுகைன்னு ஆரம்பிச்சிராதீங்க."

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு நயினார் போனார். இசக்கிமுத்து அப்போதுதான் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். அளவு டேப் இன்னும் கழுத்திலேயே தொங்கியது. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். நயினார் தண்ணீர் கேட்டார். அவர் எடுக்கப் போன நேரத்தில் நயினார் சுவரைப் பார்த்தார்.

மாலை போட்ட படம். அந்த முகம் நயினாருக்குத் தெரியும். ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து அந்த முகத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தவர் அவர்தான். பேச்சியம்மாள், கண்ணீர் அஞ்சலி என்று எழுத்து ஓடவிட்டு, தன் லைனின் லோக்கல் சேனலில் மூன்று நாள் போட்டதும் அவர்தான். பத்து நாள் கழித்து இதே வீட்டிலிருந்து போன் வந்தபோது, ஃபைபர் என்று எழுதியதும் அவர்தான்.

இசக்கிமுத்து தண்ணீரோடு வந்தார். நயினார் அதைத் தலை நிமிராமல் குடித்தார்.

"பாக்ஸுக்குத்தான வந்தீங்க சார்? நானே கொண்டாந்திருக்கணும். கழட்டக் கை வரல. வச்சிருந்தாலும் பாக்க முடியல."

பாக்ஸுக்கு ஒரு துணி உறை போட்டிருந்தது. மனைவி பேச்சியம்மாளின் ஜாக்கெட்டுக்கு எடுத்த துணியில் மிஞ்சியதைக் கொண்டு இசக்கிமுத்துவே தைத்தது. இசக்கிமுத்து உறையை மெதுவாகக் கழற்றி மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் டிவி பாக்க மாட்டேன் சார். நாள் முழுக்க ஊசியையே பாத்துட்டு வந்தா கண்ணு எரியும். அவதான் பாப்பா. ஒண்ணரைக்கு ஒரு நாடகம். ரெண்டு மணிக்கு நான் சாப்பிட வருவேன். சோத்தைப் போட்டுக்கிட்டே அன்னைக்கு உள்ள கதையைச் சொல்லுவா. எத்தனையோ வருசம் சார். ஒரு நாடகத்தைக்கூட நான் பாத்ததில்ல. ஆனா எல்லாக் கதையும் எனக்குத் தெரியும்."

நயினார் தம்ளரைக் கீழே வைத்தார்.

"கடைசியா ஒரு வியாழக்கிழமை. அந்த வக்கீல் பொண்ணு நாளைக்கு மாமியாரை எதிர்த்துக் கோர்ட்டுல நிக்கப்போகுதுன்னு சொன்னா. சொல்லிட்டு, ரசம் ஊத்தவான்னு கேட்டா. வெள்ளிக்கிழமை விடியும்போது இவ இல்ல."

இசக்கிமுத்து டிவி இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"நானே பாக்கலாம்னு ஒரு நாள் போட்டேன். அஞ்சு நிமிசம் உக்கார முடியல. எனக்குக் கேட்டுத்தான் பழக்கம், பாத்துப் பழக்கமில்ல."

அடுப்பில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தட்டு கவிழ்த்தபடியே கிடந்தது. இசக்கிமுத்து கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"சார் இந்தத் தொழில்லயே இருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு கோர்ட்டுல நின்னுச்சா?"

நயினாருக்குத் தெரியவில்லை. அந்த மாதிரி நாடகத்தை எத்தனை நாட்டில் எத்தனை வீட்டில் பார்க்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். இது தெரியவில்லை.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

பாக்ஸோடு தெருவுக்கு வந்ததும் தொண்ணூற்றொன்பது என்ற எண் நினைவுக்கு வந்தது. மாதம் முடிய மூன்று நாள். அதுவரை பீரோவில் வைத்துப் பூட்டினால் எந்தக் கம்பெனிக்குத் தெரியப்போகிறது? அதன் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. நூறை உடைக்கத்தான் செண்பகம் தன்னை அனுப்பினாரோ? டீக்கடையில் சிரித்தவர்கள் சரியாகத்தான் சிரித்தார்களோ? நினைத்ததும் கோபம் வந்தது. பாதித் தெரு போவதற்குள் வெட்கமும் வந்தது.

அடுத்த நாள் மதியம் ஒரு மணிக்குத்தான் செண்பகத்தின் மாடிக்குப் போனார். பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாக்ஸை ஆபீஸ்ல குடுத்துட்டேன். தொண்ணூத்தொம்பது."

செண்பகம் ரசீதைப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நாளைக் கழிச்சு என் லைன் உங்க லைன் ஆயிரும்" என்றார் நயினார். "மறைக்காமச் சொல்லிருதேம்மா. இதுக்குத்தான் என்னைய அனுப்புனீங்களோன்னு நெனச்சேன்."

"நெனச்சிருப்பீங்க. யாரா இருந்தாலும் நெனப்பாங்க. அப்படி நெனச்சும் ஏன் கொண்டுபோயிக் குடுத்தீங்க?"

நயினார் ரசீதை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவருக்கு அதைப் பாக்க முடியல. அதை வச்சு என் நூறைக் காப்பாத்த மனசு வரல."

கீழே தெருவில் தள்ளுவண்டிக்காரர் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் தேய்வதற்குள், பேச்சியம்மாள் தினமும் இரண்டு மணிக்குச் சோறு போட்டுக்கொண்டே நாடகக் கதை சொன்னதையும், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் இறந்ததையும் நயினார் சொல்லி முடித்தார்.

"மத்த அறுபது பேருக்கும் நான் எழுதுனது என்னன்னு இப்போ எனக்கே தெரியலம்மா" என்றார் நயினார். "லைனும் போச்சு. இனிமே எனக்கு என்ன இருக்கு?"

"லைன் எங்கிட்ட வந்தா அந்தத் தெருவுக்கெல்லாம் யாரு போவா? எனக்கு இருக்கிற அறுநூறு வீட்டுக்கே காலு பத்தல. நீங்கதான் போகணும் அண்ணாச்சி."

நயினார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். செண்பகம் ஒரு கேபிளை எடுத்துத் தோலைச் சீவிக்கொண்டிருந்தார். பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு மரியாதைதான். துடைத்து முடித்ததும் நயினார் அந்த ஒரு மாதத்தில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, ஒண்ணரை மணி நாடகம் நீங்க பாக்கீங்களா? அதுல ஒரு வக்கீல் பொண்ணு. மாமியாரை எதிர்த்துக் கோர்ட்டுல நிக்கப்போச்சாமே, நின்னுச்சா?"

செண்பகம் கேபிளைக் கீழே வைத்தார். மணியைப் பார்த்தார். ஒன்று பத்து. ஸ்டூலை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டார்.

"உக்காருங்க. இன்னைக்கு உள்ளதை ஒண்ணரைக்கு நீங்களே பாத்துக்கிடுங்க. முடிஞ்சதும் வண்டியை எடுத்தா அவர் தட்டை எடுத்து வைக்கிறதுக்குள்ள போயிரலாம். நடுவுல உள்ள ரெண்டு மாசத்தை நான் சொல்லுதேன். நல்லாக் கேட்டுக்கிடுங்க, அவர்கிட்ட மாத்திச் சொல்லிரக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை கோர்ட்டுல முதல்ல மாமியார் பேரைத்தான் கூப்பிடுதாங்க. அந்தப் பொண்ணு எந்திரிச்சு நிக்கா..."