கூட்டம் குறையாத பஸ் ஸ்டாப்

கால்வாய்க்கரைக் குடிசைகளை இடித்து, சனங்களை லாரியில் அள்ளிப்போய்க் கொட்டிய இடத்துக்குப் புதுமலர் நகர் என்று பேர் வைத்தார்கள். அங்கே வீடு இருந்தது, பஸ் ஸ்டாப்புகூட இருந்தது. பஸ்தான் நிற்கவில்லை. வேலையெல்லாம் நகரத்துக்குள்ளே கிடக்க, ஆட்கள் மட்டும் வெளியே கிடந்தார்கள்.

தெய்வானை அவர்களில் ஒருத்தி. நகரத்தில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவள். "இனிமே லேட்டா வந்தே, வேற ஆளைப் பார்த்துப்பேன்" என்று மெஸ்காரம்மா சொல்லிவிட்டாள்.

அவளும், தனக்குத்தானே தலைவர் பட்டம் கட்டிக்கொண்ட ஏகாம்பரமும் போக்குவரத்து அதிகாரியைப் போய்ப் பார்த்தார்கள். அந்த மகானுபாவர் டீயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "ஸ்டாப்புல எப்பவும் கூட்டம் இருக்கணும். இருந்தா பஸ் நிக்கும்."

"எப்பவுமா சார்?"

"எப்பவும்."

மறுநாள் காலை புதுமலர் நகரே ஸ்டாப்பில் திரண்டு நின்றது. பஸ்ஸும் நின்றது! தெய்வானை ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தாள். ஏகாம்பரம் கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கம்மா போறே?"

"வேலைக்குண்ணே."

"நீ ஏறிட்டா கூட்டம் கொறையாதா? கொறைஞ்சா நாளைக்கு பஸ் நிக்குமா?"

"அதானே! ஆளாளுக்கு ஏறிட்டா அப்புறம் கூட்டம் எங்கே இருக்கும்?" என்றாள் பக்கத்தில் நின்ற பிலோமினா.

கண்டக்டர் கத்தினான்: "யோவ், ஏறப் போறீங்களா இல்லையா?"

"நீங்க கிளம்புங்க தம்பி. நாளைக்கும் மறக்காம நிறுத்துங்க" என்றார் ஏகாம்பரம்.

பஸ் காலியாகப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். தெய்வானையும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

இப்படியே ஒரு வாரம். மெஸ்காரம்மா போன் போட்டாள்.

"எங்கடி இருக்கே?"

"பஸ் ஸ்டாப்புலதான்க்கா."

"பஸ் வரலையா?"

"கரெக்டா வருதுக்கா. நிக்குதுக்கா."

"அப்புறம் என்ன கேடு? நாளைக்கு டிபன் நேரத்துக்கு இங்க வந்து நிக்கலே, உன் வேலை போச்சு!"

தெய்வானை அரற்றிக்கொண்டு வர, ஏகாம்பரம் அவசரக் கூட்டம் போட்டார். நகரத்துக்கு அந்தப் பக்கம் இதேபோலக் கொட்டப்பட்ட சனங்கள் செம்மலர் நகரில் இருந்தார்கள்.

"அவங்க வந்து நம்ம ஸ்டாப்புல நிக்கட்டும். நாம பஸ் ஏறி வேலைக்குப் போவோம்."

"அவங்க எப்படிண்ணே வருவாங்க? அங்கேயும் பஸ் நிக்காதே."

"நாம போய் அங்க கூட்டமா நிப்போம். பஸ் நிக்கும். அவங்க ஏறி இங்க வருவாங்க."

இவ்வளவு பெரிய மூளைக்கு முன்னால் யார் வாயைத் திறப்பது? பாதிப் பேர் காவலுக்கு இங்கே நின்றார்கள். மீதிப் பேர் பொழுது விடியுமுன் கிளம்பினார்கள். பஸ்ஸில் போனால் கூட்டம் குறைந்துவிடும் என்று நடந்தே போனார்கள்.

நகரத்தைக் குறுக்கே கடக்கும்போது, சரியாக டிபன் நேரத்துக்கு, மெஸ் வாசல் வந்தது. மெஸ்காரம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"வந்துட்டியா என் ராசாத்தி! உள்ள வாடி, பாத்திரம் குவிஞ்சு கிடக்கு!"

தெய்வானை நடையைக்கூடக் குறைக்கவில்லை.

"இப்ப நேரமில்லக்கா. இங்க வேலைக்கு வர்றதுக்கு பஸ் ஏற்பாடு பண்ணப் போயிட்டிருக்கேன்."