கந்தல் கட்டிய செல்வர்கள்

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே. மாடுகளுக்குக்கூட மானம் இருந்த காலத்தில் கடம்பநாட்டைக் கொடைவளவன் என்ற அரசன் ஆண்டான். அவன் ஒரு கல்விச்சாலை கட்டினான். அங்கே ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு உணவு, உடை, படிப்பு எல்லாம் அரண்மனைச் செலவு. மற்றவர்கள் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும்.

அந்த ஓர் இடத்தை யாருக்குக் கொடுப்பது? அமைச்சர் நுண்மதியார் திறமைசாலிக்கு என்றார். அமைச்சர் இரக்கநாதர் ஏழைக்கு என்றார். இருவரும் காலையில் சண்டை போட்டார்கள், மதியம் சண்டை போட்டார்கள், மாலையில் களைத்துப்போய் மோர் குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள்.

முதல் ஆண்டு நுண்மதியார் சொன்னபடி நடந்தது. நீண்ட பாட்டு ஒன்றைச் சொல்பவருக்கு இடம். வீட்டிலேயே ஆசிரியர் வைத்திருந்த பண்ணையார் மகன் கடகடவென்று ஒப்பித்தான். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் மாரனின் மகள் வேம்பி அந்தப் பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். திரும்பிப் போய் உப்பு வாரினாள். அடுத்த ஆண்டும் கிடைக்காவிட்டால் வயது கடந்துவிடும், வாழ்நாள் முழுக்க உப்பளம்தான்.

அடுத்த ஆண்டு இரக்கநாதர் முறை. கந்தல் உடுத்தி வரும் ஏழைக்கே இடம் என்று பறையறைந்தார்கள். நல்ல மனசு, பாவம், யோசனைதான் கொஞ்சம் மட்டு.

செல்வர்கள் வீட்டில் கந்தலுக்கு எங்கே போவார்கள்? ஏழைகளிடம்தான் போனார்கள். வணிகர் தனகோடி மாரனின் குடிசைக்கு வந்தார். ஒரு நாளைக்கு உன் மகளின் பாவாடையைக் கொடு, ஒரு மரக்கால் அரிசி தருகிறேன் என்றார். வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாரன் கொடுத்துவிட்டான். வேம்பிக்கு இருந்ததே அந்த ஒரு பாவாடைதான். உடுத்த ஒன்றுமில்லாமல் நிற்க முடியாதே, நம் வீட்டிலோ பட்டைத் தவிர வேறு இல்லையே என்று தனகோடி தன் மகளின் பட்டுப்பாவாடையை விட்டுப் போனார்.

மறுநாள் அரண்மனை வாசலைப் பார்க்க வேண்டுமே! பல்லக்கிலிருந்து கந்தல்கள் இறங்கின. குதிரையிலிருந்து கந்தல்கள் இறங்கின. தனகோடியின் மகள் மாணிக்கவல்லி வண்டியிலிருந்து வேம்பியின் கந்தலோடு இறங்கினாள். வேம்பியோ பட்டு சரசரக்க நடந்தே வந்தாள். காவலன் அவளை மறித்துவிட்டான்.

வேம்பி நகரவில்லை. சத்தம் கேட்டு அரசனே வந்தான்.

"பட்டு உடுத்தியவள் ஏழைகளின் இடத்துக்கு ஏன் வந்தாய்?"

"பட்டு என்னுடையது இல்லை அரசே. அதோ அந்த அக்கா உடுத்தியிருக்கும் கந்தல்தான் என்னுடையது."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தனகோடி அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று கைகூப்பிச் சொன்னார்.

அரசன் இரண்டு பாவாடைகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, இன்று யார் எதை உடுத்தியிருக்கிறார்களோ அது அவர்களுக்கே சொந்தம், எல்லோரும் அப்படியே வீட்டுக்குப் போகலாம் என்றான்.

தனகோடி வேம்பியின் மேலிருந்த பட்டையே பார்த்தார். சரிகை போட்ட பட்டு ஆயிற்றே! வாயை மூடிக்கொள்ளத்தான் பார்த்தார், முடியவில்லை.

"அரசே, அந்தப் பாவாடை என் மகளுடையது. அதை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான். அவர் வாயாலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. மற்றக் கந்தல்கள் ஓசைப்படாமல் வாசலைப் பார்த்து நழுவின.

நுண்மதியார் விடுவாரா? ஏழை சரி, அறிவு உண்டா என்றார். யாரும் கேட்டிராத பாட்டாகச் சொல்லிப் பாருங்கள் என்றான் அரசன். அவர் அங்கேயே ஒரு பாட்டைக் கட்டி மூன்று முறை பாடினார். முதல்முறை வேம்பி கேட்டாள். இரண்டாம் முறை உதடசைத்தாள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு முழுப்பாட்டையும் சொன்னாள், ஓரிடத்தில் மட்டும் தடுக்கியது. மாணிக்கவல்லியையும் சொல்லச் சொன்னார்கள், அவளோ முதல் அடியிலேயே தடுமாறித் தன் ஆசிரியரைத் தேடினாள்.

தன் பாட்டை இன்னொருவர் வாயால் கேட்ட நுண்மதியாருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தப் புலவருக்குத்தான் கலங்காது! இரக்கநாதரும் அவரும் முதன்முதலாக ஒரே பேச்சாக வேம்பிக்கே இடம் என்றார்கள். உடுத்தியது உடுத்தியவருக்கே என்ற அரசன் தீர்ப்பும் மாறவில்லை. வேம்பி பட்டோடு கல்விச்சாலைக்குள் போனாள், மாணிக்கவல்லி கந்தலோடு வீட்டுக்குப் போனாள்.

ஆகவே, படிப்புக்கு உதவுகிறவர் பிள்ளையின் திறமையையும் பார்க்க வேண்டும், அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.