பிள்ளைப் பகைவன்

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்று நாட்டைச் சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சே அவனுக்கு வேதம். அவனுடைய மந்திரி இளநாகன் பிள்ளைகுட்டி இல்லாதவர், மனைவியையும் பறிகொடுத்துத் தனியாக இருந்தவர்.

ஒரு வருஷம் ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியது. அரண்மனை வித்துவான் பரமேட்டிக்கு மந்திரிமேல் வெகுநாளாகப் பொறாமை. அவர் காய்ச்சல் கண்ட வீடுகளிலெல்லாம் விசாரித்துவிட்டு வந்து, "ஒரு வீடு பாக்கியில்லை மகாராஜா. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைகள் எல்லாம் தெருக்கூத்துப் பார்த்தவை. கூத்துதான் காரணம்" என்றார்.

ராஜா மலைத்துப்போனான். வித்துவானின் சீடர்கள் 'பிள்ளை காப்போர்' என்று பெயர் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். கூத்து என்ற சொல்லையே விட்டுவிட்டு 'நஞ்சாட்டம்' என்றார்கள். நஞ்சு என்று பெயர் வைத்துவிட்டால் அது நஞ்சுதானா என்று அப்புறம் யார் கேட்பார்கள்? கூத்தாடிகளை நாடு கடத்த ஆணை தயாரானது.

இளநாகன் ஒன்றுதான் கேட்டார்: காய்ச்சல் வராத வீடுகளில் விசாரித்தீரா? பரமேட்டி அவர் பக்கமே திரும்பவில்லை. பிள்ளைகள் துடிக்கிற நேரத்தில் மந்திரிக்குச் சந்தேகம் கேட்கிறதாம் என்று சபையைப் பார்த்துச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் மந்திரிக்குப் 'பிள்ளைப் பகைவன்' என்று பட்டம் வந்துவிட்டது.

அதன்பிறகு அவர் வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. தினமும் தாயம் ஆட வரும் தளபதி வில்லவனும் வரவில்லை. இளநாகன் கட்டத்தை விரித்து இரண்டு பேர் காயையும் தானே நகர்த்துவார். பாதியில் அலுத்துப்போய் எழுந்துவிடுவார். தெருவில் அவர் தலை தெரிந்தால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில், வித்துவான் போன அதே வீடுகளுக்கு அவரும் போனார். கதவைப் பாதி திறந்துதான் பதில் சொன்னார்கள். ஆணையில் முத்திரை விழ இருந்த அன்று சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, நானும் ஓர் ஆராய்ச்சி செய்தேன். காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எல்லாம் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு ஊருக்கெல்லாம் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றவை. ஒரு வீடு பாக்கியில்லை. அந்த நஞ்சுப் பொங்கலை..."

"என் பொங்கலை நஞ்சு என்கிறீரா?" ராஜாவின் முகம் சிவந்தது. "ஊரே தின்றதய்யா அதை. தின்றுவிட்டு நன்றாக ஓடியாடுகிற பிள்ளைகளைப் போய்ப் பார்த்தீரா?"

"இந்தக் கேள்வியைத்தான் நான் வித்துவானிடம் கேட்டேன். அதற்குத்தான் என்னைப் பிள்ளைப் பகைவன் என்கிறார்கள். இப்போது தாங்களும் கேட்டுவிட்டீர்கள்."

ராஜா மந்திரியைப் பார்த்தான். பிறகு தன்னை அறியாமல் சிரித்துவிட்டான்.

ஆணை கிழிந்தது. காய்ச்சலுக்குக் காரணம் தேடும் வேலை வைத்தியர்களிடம் போனது. நோயில்லாத வீடுகளுக்குப் பரமேட்டியே நடந்து போய், "முன்பு நான் உங்களைக் கேட்காமல் விட்டுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. போன இடமெல்லாம், எங்கள் பிள்ளையும்தான் கூத்துப் பார்த்தான் என்றார்கள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான்.

அரண்மனை வாசலில் வில்லவன் காத்திருந்து மந்திரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் அன்றைக்கே சந்தேகம்தான் ஓய். சொல்லத்தான் பயமாக இருந்தது."

இளநாகன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"என் காதில் மட்டும் சொல்லியிருக்கலாமே வில்லவா" என்றார். "நாம் இரண்டு பேராகவாவது இருந்திருப்போம்."