ஒன்றரை ஸ்பூன் ரவை

திருமலைக்கொழுந்து தன் குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கு நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் அவருக்கு மிருதங்கம் சொல்லித்தரும் ஆவுடைநாயகிக்கு முப்பத்துநாலு. இவர் அவளை 'டீச்சர்' என்பார். அவள் இவரை 'அண்ணாச்சி' என்பாள். குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் பாடு.

கொழுந்து அரசாங்க சர்வேயர். ஊரான் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்துவிட்டு, அளந்த சங்கிலியை வரப்பிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சாவி சட்டைப் பையில் இருக்கும். அவர் வீடெல்லாம் கவிழ்த்துக்கொண்டிருப்பார்.

மிருதங்கத்திலும் இதே கதைதான். விரல் சுத்தம், தட்டும் சொல் தெளிவு. ஆனால் நாலு ஆவர்த்தனம், நாலு தாளச் சுற்று, தாண்டுவதற்குள் ஆள் எங்கோ போயிருப்பார். கை மட்டும் இங்கே கிடந்து தட்டிக்கொண்டிருக்கும்.

கல்யாணமான புதிதில் மனைவி லோகநாயகியின் பாட்டுக் கச்சேரிக்கு ஒருமுறை வாசித்தார். மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கணக்கைத் தவறவிட்டு, முடித்துவைக்கும் கோர்வையை நட்டாற்றில் விட்டார். அவள் பாட்டை எங்கே எடுப்பது என்று தெரியாமல் சபை நடுவில் விழித்தாள். அன்றைக்கு மிருதங்கம் பரணுக்கு ஏறியது. அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் அவளுக்கு வேறு யார் யாரோ வாசித்தார்கள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அவர் மனசு கேட்காமல் அதைக் கீழே இறக்கி, ஆவுடைநாயகியிடம் வந்து சேர்ந்தார்.

ஒருநாள் அவள் பாடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி, இது சாதகம் பத்தாம வர்ற தப்பு இல்ல."

"பின்ன?"

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களப் போய்ப் பாருங்க."

அரசு ஆஸ்பத்திரியில் கவனம் சிதறுவதற்கான சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். கொழுந்துக்குக் காத்திருப்பது என்றால் வேப்பங்காய். தனியார் மனநல மருத்துவர் ஒருவரிடம் போனார். அந்த டாக்டரம்மா இரண்டு நாள் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் வகுப்பு வாத்தியார் அதில் எழுதியிருந்தார்: 'கெட்டிக்காரன். வகுப்பில் இருப்பதில்லை.' அந்த வருஷம் கொழுந்து ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

மனைவிக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். பொருள்களைத் தொலைப்பாரா, பேசும்போது குறுக்கிடுவாரா, தொடங்கியதை முடிப்பாரா என்று வரிசையாகக் கேள்வி. லோகநாயகி எல்லாவற்றுக்கும் விடாமல் டிக் அடித்துவிட்டு, பின்பக்கத்திலும் எழுதலாமா என்று கேட்டாள்.

ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று டாக்டர் சொன்னார். கொழுந்து ஸ்கூட்டர் ஸ்டாண்டில் நின்று அழுதார். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், வேணுமென்றே செய்கிறவன் என்று நாற்பது வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்ட பேர்களெல்லாம் ஒரே நாளில் தோளைவிட்டு இறங்கினால் யாருக்குத்தான் அழுகை வராது.

மறுநாள் குருவிடம் சொன்னார். அவள் கேட்டாள்.

"என்னன்னு தெரிஞ்சுட்டுல்லா?"

"தெரிஞ்சுட்டு டீச்சர்."

"நல்லது. மிருதங்கத்த எடுங்க."

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை சிறிய அளவில் ஆரம்பித்தது. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் கொஞ்சம் கூட்டினார். ஒருநாள் காலையில் ஆதி தாளத்தில் பதினாறு ஆவர்த்தனம் வாசித்து முடித்த பிறகுதான், தான் எங்கும் போகவில்லை என்பது கொழுந்துக்கு உறைத்தது. சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் "கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள்.

டாக்டர் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தார். அது ஒத்துவரவில்லை. நெஞ்சு படபடத்தது. சோறு இறங்கவில்லை. வாசிப்பில் கணக்கு கச்சிதமாக இருந்தது. லோகநாயகி மட்டும், "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆளத்தான் காணோம்" என்றாள். டாக்டர் பிரஷர் பார்த்தார், எடை பார்த்தார், தூக்கத்தைக் கேட்டார், பழைய அளவுக்கே இறக்கினார். ரெண்டு வாரம் பாப்போம் என்றார்.

அந்தப் 'பாப்போம்' கொழுந்துக்கு எரிச்சலைக் கிளப்பியது. அளவு என்றால் அளவு. நிலத்தைப் போய் ரெண்டு வாரம் பார்ப்போம் என்று எந்த சர்வேயராவது சொல்வானா?

இந்த நேரத்தில்தான் லோகநாயகியின் வழக்கமான மிருதங்கக்காரர் பைக்கில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கச்சேரி. அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல் கேட்டாள்.

"நீங்க வாசிக்கேளா?"

பதினெட்டு வருஷம் கழித்து வந்த கேள்வி. கொழுந்து சரி என்று தலையாட்டிவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டார்.

வியாழக்கிழமை நல்ல மழை. நனைந்துகொண்டே குருவின் வீட்டுக்குப் போனார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்.

"டீச்சர், ஞாயித்துக்கிழம மாத்திரை போடாம வாசிக்கப் போறேன்."

"டாக்டரம்மாட்ட கேட்டீங்களா?"

"அவங்கட்ட என்ன கேக்க? ஏத்துதாங்க, எறக்குதாங்க. அளவு என்னன்னு அவங்களுக்கே தெரியல."

"அதுக்காகவா நிறுத்துதீங்க?"

கொழுந்து உள்ளே கிடந்ததைச் சொன்னார்.

"அதப் போட்டுட்டு நல்லா வாசிச்சா, வாசிச்சது அதுதான? அவளுக்குப் பதினெட்டு வருஷமா ஒரு கச்சேரி பாக்கி வச்சிருக்கேன். அத நான் வாசிக்கணும் டீச்சர். நானே வாசிக்கணும்."

ஆவுடைநாயகி மிருதங்கத்தைக் காட்டினாள்.

கொழுந்து உறையைக் கழற்றினார். பையிலிருந்து ரவை டப்பாவை எடுத்தார். இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் தண்ணீர்விட்டுப் பிசைந்த ரவையை அப்பினால்தான் அந்தப் பக்கம் கனமான நாதம் கொடுக்கும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை மறுபடியும் புதிதாக அப்ப வேண்டும்.

"ரவ வேண்டாம். அப்படியே வாசிங்க," என்றாள்.

"ரவ இல்லாமலா?"

"நீங்கதான வாசிக்கணும்னீங்க."

தட்டினார். காலி டப்பாவைத் தட்டினாற்போல் ஒரு சத்தம் வந்தது. அடுத்த அறையிலிருந்து அவளுடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இது மிருதங்கமே இல்லயே டீச்சர்!"

"சரி, ரவயப் போடுங்க. எவ்வளவு போடணும்?"

கொழுந்துக்கு முகம் மலர்ந்தது. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"போன மாசம் ஒருநாள் சுருதி அட்டகாசமா சேர்ந்துச்சுல்லா? வீட்டுக்குப் போனதும் சுரண்டி எடுத்து அளந்து வச்சுட்டேன். ஒன்றரை ஸ்பூன்."

ஆவுடைநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அதயே போடுங்க."

ஸ்பூனும் கொண்டுவந்திருந்தார். ஒன்றரை ஸ்பூன் ரவையை அளந்து, பிசைந்து, அப்பினார். அவள் சுருதிக்குத் தம்பூராப் பெட்டியைப் போட்டாள். கொழுந்து தட்டினார். மழை ஈரத்தில் தோல் ஏற்கெனவே தொய்ந்திருந்தது. தொப்பி அடித்தொண்டையில் முனகியது.

அவர் நோட்டைப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். கட்டைவிரலால் கொஞ்சம் ரவையை வழித்து எடுத்தார். தட்டினார். காதைச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் வழித்தார். அது அதிகப்படி, நாதம் மேலே ஏறிவிட்டது. ஒரு கிள்ளு எடுத்துத் திரும்ப வைத்தார். ஓரத்தை அமுக்கினார். தட்டினார். மறுபடியும் ஒரு துணுக்கை எடுத்தார். அப்புறம் தட்டியபோது அது சுருதியோடு அப்படியே போய் ஒட்டிக்கொண்டது. கொழுந்து தன்னை மறந்து, நீண்டு முழங்கும் கும்கி ஒன்றை இழுத்தார். அறை நிறைந்தது.

"எத்தன தடவ போட்டு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"எண்ணல டீச்சர். அஞ்சாறு தடவ இருக்கும்."

"உங்களுக்கு ரவ போடத் தெரியாதோ?"

கொழுந்து நோட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஞாயித்துக்கிழம மாத்திரை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ரவ மட்டுந்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கு போன் போடுங்க."

அவர் வாசல் நடையில் நின்று போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் போடச் சொன்னார். பயந்தால் பயத்தோடு வாசியுங்கள் என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்து சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் கோயில் மண்டபத்தில் லோகநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆவுடைநாயகி முன்வரிசையில் இருந்தாள்.

முதல் மூன்று பாட்டும் தடங்கலின்றிப் போயின. தனி ஆவர்த்தனம் வந்தது. லோகநாயகி தாளத்தைத் தொடையில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். இரண்டாவது தீர்மானத்தில், அந்த முடிவுச் சொற்கட்டில், தாளத்தைவிட்டு அரை இடம் தள்ளிப்போய்விட்டது. கொழுந்துக்கு வியர்த்தது. ஆனால் அவர் எங்கும் ஓடவில்லை. அவள் கையையே பார்த்து, இரண்டே சொல்லில் திரும்ப வந்து சேர்ந்தார். கடைசிக் கோர்வை மூன்று முறை வந்து, எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. லோகநாயகி கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தாள். சபை கைதட்டியது. கொழுந்துக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

ஆட்டோவில் வரும்போது அவள் சொன்னாள்.

"அடுத்த மாசம் தென்காசில ஒண்ணு இருக்கு. தேதிய இப்பவே எழுதி வச்சுக்கிடுங்க. மறந்துருவீங்க."

அவர் எழுதிக்கொண்டார். எழுத்து தெரியாத அளவுக்குக் கண்ணில் தண்ணீர்.

மறுநாள் பழக்கூடையோடு குரு வீட்டுக்குப் போனார். கும்பிட்டார். ஆனாலும் ஆசாமிக்கு நிம்மதி வரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"நேத்து வாசிச்சது நானா, மாத்திரையா?"

ஆவுடைநாயகி கொய்யாப்பழம் ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டாவது தீர்மானம் அரை இடம் தள்ளிப்போச்சே, அது யாரு வாசிச்சது?"

"ஐயோ, அது நான்தான் டீச்சர்," என்றார் கொழுந்து, மூச்சு விடாமல்.

"அத மட்டும் கேட்ட ஒடனே உங்களுதுன்னு வாங்கிக்கிட்டீங்க. மிச்சத்த யாருக்கு விட்டு வச்சிருக்கீங்க?"