தோப்புல தண்ணி பாயுதுங்களா?

கிணற்று மோட்டாரைக் கைபேசியிலேயே ஓடவிடும் ஆப் ஒன்றை ஒண்டி ஆளாக உருவாக்கி வெளியிட்டிருந்தாள் தமயந்தி. பணம் போடச் சொல்லி, பொள்ளாச்சி மில் முதலாளி சிங்காரவேலுவிடம் போனாள்.

அவர் சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினார். "உன்னை நம்பிப் பைசா போட மாட்டேன். உன் கம்பெனியில உருப்படியான ஆளு, போன்ல பேசுற பூங்கொடி ஒருத்திதான். என் தோப்பு மோட்டார் ஓடுற வரைக்கும் சலிக்காம சொல்லிக் குடுத்தா. அவளை என் மில்லுக்கு அனுப்பு, பணம் தர்றேன்."

"நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கய்யா."

கூப்பிட்டார். தமயந்தியின் கைப்பைக்குள் மணி அடித்தது. எடுத்தாள்.

"வணக்கங்கய்யா, பூங்கொடி பேசறேன். தோப்புல தண்ணி பாயுதுங்களா?"

முதலாளி போனைக் காதிலிருந்து இறக்கினார். பிறகு மெல்லக் கேட்டார்: "அன்னைக்கு அவ்வளவு நேரம் எப்படிம்மா பேசின?"

"அந்த நம்பருக்கு இதுவரைக்கும் வந்த ஒரே போன் உங்களுதுதானுங்க. வைக்க மனசு வரலைங்க."