எழுபத்தொன்பதாவது நிமிஷம்

குருவுக்கு இருபத்து நாலு வயசு. சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று. இடம், பெரம்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. மூன்று டிவி, ஆறு கண்ட்ரோலர், இருமிக்கொண்டே ஓடும் ஒரு ஏசி.

நான் மருந்துக் கம்பெனி ரெப். மதிய வெயிலுக்கு ஒதுங்க அங்கே போவேன். கார் ரேஸ் ஆடுவேன், கடைசியாக வருவேன். இந்தக் கதையில் எனக்கு வேலை கம்மி. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் கம்மி.

குரு பர்வீன். அந்த கேம் சென்டர் அவளுடையது. ஆன்லைன் ஃபுட்பாலில் மாநிலத்தில் எட்டாவது இடம் வரை வந்தவள். சிஷ்யர் எட்வின் அண்ணன். ஒரு காலத்தில் நிஜ கிரவுண்டில் ஸ்டாப்பர். கோலிக்கு முன்னால் நின்று, வருகிறவனை மறிக்கிற வேலை. முட்டி போனது, ஆட்டமும் போனது. அவர் டீம் ஒரே ஒரு தடவை ஃபைனலுக்குப் போயிருக்கிறது. அன்றைக்குத் தொண்ணூறு நிமிஷமும் அவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற மனுஷன், அதை மட்டும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஆன்லைனில் ஒரு சிட்டி கப் அறிவித்தார்கள். பத்து மேட்ச். ஏழு ஜெயித்தால் ஃபைனல்ஸ். பெரிய ஹால், மேடை, மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"ஒரே ஒரு ஃபைனல் ஆடிப் பாத்துடணும் பாப்பா" என்று வந்து உட்கார்ந்தார். முதல் நாள் அவளிடம் ஒன்பது கோல் வாங்கினார். மறுநாள் பாப்பா போய் வாத்தியாரே ஆகிவிட்டது.

ஒரு வாரம் விடாமல் தோற்றார். கண்ட்ரோலரை மடியில் போட்டார்.

"வாத்தியாரே, இது ஃபுட்பாலே இல்ல. நிஜத்துல ஒரு ஃபார்வர்ட் என்னை இப்படித் தாண்டிப் போக முடியாது."

"கிரவுண்டுல நீங்க ஓடிட்டே இருப்பீங்களா அங்கிள்?"

"ஸ்டாப்பர் எதுக்கு ஓடணும்? இடத்துல நிக்கணும். அவன்தான் வருவான்."

பர்வீன் டிராயரைத் திறந்தாள். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, அவர் கண்ட்ரோலரில் ஓடுகிற பட்டன் மேல் இறுக்கி ஒட்டினாள்.

"மூணு நாள் இப்படியே ஆடுங்க."

முதல் நாள் பதினோரு கோல் வாங்கினார். எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டாம் நாள் ஆறு. மூன்றாம் நாள் இரண்டு. நாலாம் நாள் அவள் பிளாஸ்திரியைப் பிரிக்க வந்தபோது அவர் கையை நகர்த்திக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார்.

கப் தொடங்கியது. முதல் ஐந்தில் மூன்று ஜெயித்தார், இரண்டு தோற்றார். தோற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் புலம்பினார்.

"பால் கம்பத்துல பட்டு, என் ஆள் முதுகுல பட்டு உள்ள போகுது. நிஜத்துல இப்படி நடக்குமா? கம்ப்யூட்டர் முதல்லயே முடிவு பண்ணிடுது வாத்தியாரே. எனக்கு எதிரா."

பர்வீன் கீழே போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தாள்.

"பழைய மேட்ச் எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கு. அநியாயமா விழுந்த கோலை எல்லாம் எழுதுங்க."

மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். நாலு நாள் உட்கார்ந்து, தேதி, நிமிஷம், எங்கே பட்டது, எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் எழுதினார். முப்பத்தொரு கோல். கோர்ட்டில் கொடுக்கிற பத்திரம் மாதிரி அவள் முன்னால் வைத்தார்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். "இதுல நீங்க போட்டது எத்தனை?"

"நான் போட்டதா? நான் எங்க அநியாயமா போட்டேன்?"

அவள் அவர் ஜெயித்த மேட்ச் ஒன்றை ஓடவிட்டாள். அவர் உதைத்த பந்து வெளியே போகிற வழியில் எதிராளியின் குதிகாலில் பட்டு, திரும்பி உள்ளே உருண்டது.

"இது?"

"என் கோல்."

"எங்க பட்டுச்சு?"

"குதிகால்ல."

"எழுதுங்க."

எழுதினார். அடுத்தது, கோலி கையிலிருந்து நழுவிய பந்து. எழுதினார். அதற்கடுத்தது, எதிராளிகள் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்து வழிவிட்டது. அந்த கோலுக்கு அவர் எழுந்து நின்று ஆடியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பத்தொன்பதாவது கோலில் பேனாவை மூடினார்.

"போதும் வாத்தியாரே."

நோட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்.

"அப்போ இந்த ஆட்டத்துல நியாயத்துக்கு யாருதான் பொறுப்பு? நிஜத்துல ரெஃப்ரி இருப்பார். கழுத்துல விசில் தொங்கும். ஒருத்தன் சுருண்டு விழுந்தா ஊதி நிறுத்துவார். இதுல ஊத எவன் இருக்கான்?"

"டீ ஆறுது அங்கிள்" என்றாள் பர்வீன்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பத்து மூன்று வயசு மனுஷன் வாய்விட்டுக் கேட்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்தா போய்விடும்?

அடுத்த வாரம் ஆடிய நாலில் மூன்று ஜெயித்தார். ஆக, ஆறு வெற்றி, மூன்று தோல்வி, மிச்சம் ஒரே ஒரு மேட்ச். அதை ஜெயித்தே ஆக வேண்டும். டிரா ஆனாலும் மேடை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. எதிராளி யாரென்று தெரியாது, திரையில் 'கொளத்தூர் புயல்' என்று பேர். நல்ல ஆட்டக்காரன். முதல் பாதியில் ஒரு கோல் போட்டான். அண்ணன் பதறவில்லை. நின்ற இடத்தில் நின்று மறித்து, அறுபதாவது நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தார். ஒன்றுக்கு ஒன்று.

எழுபத்தொன்பதாவது நிமிஷம். பந்து அண்ணனிடம். மறிக்க வேண்டிய எதிராளி ஆள் முன்னால் நிற்கிறான், அசையவில்லை. அண்ணன் அவனைச் சுற்றிப் போனார். அப்போதும் அசையவில்லை. மற்றவர்கள் வரிசையில் சும்மா நகர்ந்தார்கள். பந்தைத் தேடி ஒருத்தனும் வரவில்லை.

"புயல் கையில கண்ட்ரோலர் இல்ல" என்றாள் பர்வீன்.

பேட்டரி போயிருக்கும். இல்லை, வீட்டில் யாராவது கூப்பிட்டிருப்பார்கள். எனக்கென்ன வந்தது? என் வாய் சும்மா இருக்கவில்லை.

"போடுங்கண்ணே. கோல் தொறந்து கிடக்கு. போடுங்க."

அண்ணன் கோலைப் பார்த்தார். இருபது அடி இருக்கும். கட்டை விரல் உதைக்கிற பட்டன் மேல் இருந்தது. நான் பர்வீனைப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பந்தைப் பின்னால் தள்ளினார். இன்னும் பின்னால். தன் பாதிக்குள் கொண்டுவந்து, நாலு டிஃபெண்டர்களுக்குள் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். இடது, வலது, இடது. ஆட்டத்துக்குள் எட்டு நிமிஷம். வெளியே ஒரு நிமிஷம்கூட இருக்காது. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான ஒரு நிமிஷத்தை நான் பார்த்ததில்லை. கடியாரத்தைப் பார்த்து நான் பல்லைக் கடித்தேன். அவர் கடியாரத்தைப் பார்க்கவே இல்லை.

எண்பத்தேழில் எதிராளி ஆள் ஒருத்தன் சடாரென்று திரும்பினான். புயல் வந்துவிட்டது. ஸ்கோரைப் பார்த்து ஒரு நொடி திகைத்திருப்பான். பிறகு பாய்ந்து வந்தான். அதுவும் சரிதான், அவனும் ஆட வந்தவன்.

அப்போதுதான் அண்ணன் பந்தை முன்னால் அனுப்பினார். மூன்று பாஸ். கடைசி நிமிஷம். அழகான ஷாட். கம்பத்தின் உள்பக்கம் பட்டு, கோட்டின் மேலேயே உருண்டு, வெளியே போனது.

'நிஜத்துல உள்ள போயிருக்கும்' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். நோட்டு பக்கத்திலேயே கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

அண்ணன் கண்ட்ரோலரைக் கீழே வைத்தார். பட்டன் மேல் பிளாஸ்திரி அழுக்கேறி, ஓரம் சுருண்டிருந்தது. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வருத்தம் இல்லை. வெயிலில் ஆடிவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

"ஃபைனல் போச்சு வாத்தியாரே" என்றார், சிரித்துக்கொண்டே.

"ம்."

"நிஜ மேட்சா இருந்திருந்தா, அவன் போன நேரத்துல ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்."

பர்வீன் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிறுத்தினாரே அங்கிள்."